பாறை இருந்தது, ஒளியத் தோன்றவில்லை

என் நோயின் முதல் அறிகுறியை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. நான் நேரில் ஒருநாளும் பார்த்திராத ஒருவன்தான் பார்த்தான்.

கைப்பேசியில் நாங்கள் ஆடிய விளையாட்டு எளிமையானது. நான்கு பேர் ஓர் அணி. ஒரு தீவில் இறங்க வேண்டும், ஒளிய வேண்டும், சுட வேண்டும். கடைசிவரை உயிரோடு நிற்கும் அணி ஜெயிக்கும். நான் வேகமாக ஓடுவேன், அதைவிட வேகமாகப் பேசுவேன். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு போடியில் வீட்டோடு இருந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. என்னை ஒரு ஆளாக மதித்துக் கூப்பிட்ட இடம் அந்தத் தீவு ஒன்றுதான்.

அணியில் ஒருவன் பெயர் கரடி. விளையாட்டுக்காக அவனே வைத்துக்கொண்ட பெயர். ராஜபாளையம் பக்கம் ஏதோ நூற்பாலையில் ஷிப்ட் வேலை என்பது தவிர அவனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நான் பெண் என்று தெரிந்த பிறகும் 'மாப்ளே' என்றுதான் கூப்பிட்டான். எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஒரு சாயங்காலம் ஆட்டத்துக்கு நடுவில் கேட்டான்.

"மாப்ளே, சுடத் தெரியாம சாகுறது வேற. நீ பொட்டல்ல போயில்ல நிக்கிற. பின்னாடி அம்புட்டுப் பெரிய பாறை இருக்கு. ஒடம்புக்கு என்ன செய்யுது?"

நெட் சரியில்லை என்றேன். நெட் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஒளியத் தோன்றவில்லை, அவ்வளவுதான். யாராவது சுட்டால் ஆட்டம் முடிந்துவிடும், முடியட்டும் என்று இருந்தது. சில வாரங்களில் அந்தச் செயலியைத் திறப்பதே பெரிய சோலியாகப் பட்டது. விட்டுவிட்டேன்.

வீட்டில் கொண்டாட்டம். அம்மா கேசரி கிண்டினார். அப்பா பெரியப்பாவுக்குப் போன் போட்டு, "பாப்பாவுக்குப் புத்தி வந்துருச்சுண்ணே" என்றார். என் நோயின் மோசமான அறிகுறிக்குக் கேசரி சாப்பிட்ட குடும்பம் நாங்கள்.

அப்பா ஏலக்காய் வியாபாரி. ஏல மையத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, விலை ஏற ஏறப் பொத்தானை அழுத்துவது அவர் தொழில். சாப்பிடும்போதுகூட அந்த விரல் இலையோரத்தில் துடிக்கும். அதை யாரும் பழக்கம் என்று சொன்னதில்லை. பழக்கம் எனக்கு மட்டும்தான் இருந்தது.

பிறகு குளிப்பது நின்றது. பகலெல்லாம் படுத்திருந்தேன். சோறு மண் மாதிரி இருந்தது. ஊரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். எவ்வளவு நேரம் போன் பார்க்கிறாய் என்று கேட்டார். இப்போது பார்ப்பதே இல்லை என்றேன். அந்தப் பதில் அவருக்குத் தேவைப்படவில்லை. இது 'வித்டிராவல்' (பழகிய ஒன்றை விட்டதும் உடம்பு படும் தவிப்பு) என்று அப்பாவிடம் சொன்னார். போனைக் கண்ணில் காட்டாதீர்கள், சத்து மாத்திரை கொடுங்கள், மலைக்காற்று நல்லது.

மலையில் தோட்டம் வைத்திருக்கும் போடிக் குடும்பங்களுக்கு அதைச் சொல்லித் தரவே வேண்டாம். மஞ்சள் காமாலை, காதல், பரீட்சையில் தோல்வி, எதுவானாலும் ஆளை மேலே அனுப்பிவிடுவார்கள். கைப்பேசியை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டினார். அம்மாவும் நானும் ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் போடிமெட்டு தாண்டி எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போனோம். அங்கே சிக்னல் கிடையாது. அதனால்தான் அந்த இடம்.

தோட்டத்து வீட்டின் ஒரு பக்கம் காய் உலர்த்தும் ஸ்டோர். இன்னொரு பக்கம் பூச்சிமருந்து வைக்கும் அறை. அந்த அறைச் சாவி அடுப்படி வாசலில் ஓர் ஆணியில் தொங்கும். காலையில் மருந்தடிக்க வருகிறவர்கள் எடுத்துக்கொள்ள வசதியாக, சுற்றியிருக்கும் தோட்டங்களிலும் அப்படித்தான் தொங்கவிடுவார்கள். மகளின் போனை பீரோவில் பூட்டிய வீட்டில் ஒருவருக்கும் இந்தச் சாவி கண்ணில் படவில்லை.

எனக்குப் பட்டது. அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தேன். பிறகு பார்ப்பதற்காகவே போனேன். அழுகை இல்லை, கோபம் இல்லை. அந்தத் தீவில் பொட்டலில் நின்றேனே, அதே மாதிரி நின்றேன்.

ஒரு காலையில் கரடி கேட்டது திடீரென்று காதில் விழுந்தது. பின்னாடி அம்புட்டுப் பெரிய பாறை இருக்கு. திரும்பிப் பார்த்தேன். அம்மா அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தச் சாவிய எடுத்து வச்சுக்கம்மா. எங்க வைக்கிறன்னு எங்கிட்டச் சொல்லாத."

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. சாவியை எடுத்து முந்தானையில் முடிந்தார். அடுப்பை அணைத்தார்.

"வெரசா கெளம்பு ஆத்தா. லோடு ஜீப்பு போயிரப் போவுது."

காய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இறங்கினோம். எத்தனையோ வளைவுகள். என் மணிக்கட்டை அம்மா விடவே இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது ஏதோ ஒரு சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை. நானும் அழகாகச் சொல்லவில்லை.

அம்மா சாவியைப் பற்றிச் சொன்னதும் அப்பா வீட்டு வாசலிலேயே கேட்டார். "போன்ல எவனும் சொல்லிக் குடுத்தானா?"

"இல்லப்பா. என்ன செய்யுதுன்னு கேட்டவனே போன்ல இருந்தவன் ஒருத்தந்தான்."

தேனியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். சொந்தக்காரர்களிடம் வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டோம். அந்த டாக்டரம்மா, எதைச் செய்தால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும், அதை எப்போது விட்டாய் என்று கேட்டார். தீவையும் பாறையையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தன மணி நேரம் ஆடுனேன்னு கேக்க நெறையப் பேரு இருக்காங்க. நீ ஏன் விட்டேன்னு ஒருத்தரும் கேக்கலையாம்மா?"

அதற்குப் பெயர் 'அன்ஹெடோனியா' (முன்பு பிடித்த எதிலும் பிடிப்பே இல்லாமல் போவது) என்றார். எனக்கு இருப்பது மனச்சோர்வு நோய் (துக்கம் அல்ல; தூக்கம், பசி, ஆசை எல்லாவற்றையும் ஒன்றாக அணைத்துவிடும் வியாதி) என்றும் சொன்னார். அந்த நிலையிலும் என் அவசரப் புத்தி போகவில்லை. அப்படியானால் கேம் ஆடுவது மனசுக்கு நல்லதா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"கேம் ஆடிக் கொணமாயி வந்தவங்கள நான் பாத்ததில்ல. மாத்திரைய ஒழுங்காப் போடு."

'ஆன்டிடிப்ரசன்ட்' (மனச்சோர்வைக் குறைக்கும் மாத்திரை) உடனே வேலை செய்வதில்லை. முதலில் வாய் உலர்ந்தது, குமட்டியது, கை நடுங்கியது. நல்லது எதுவும் நடக்கவில்லை. இந்தக் கட்டத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அம்மா நிறுத்த விடவில்லை. பிறகு ஒருநாள் வீட்டில் அடுக்கியிருந்த மூட்டைகளின் ஏல வாசனை தலையை வலிக்க வைத்தது. சுள்ளென்று எரிச்சல் வந்தது. வந்தது எரிச்சல்தான் என்றாலும், ஒன்று வந்ததே.

விளையாட்டை நான் விற்க வரவில்லை. அது என் தூக்கத்தைத் தின்றிருக்கிறது. அதற்காகச் சாப்பாட்டைத் தட்டோடு வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன். ஆனால் நான் சரிந்துகொண்டிருப்பது தெரிந்த ஒரே இடம் அதுதான். அந்த இடத்தைத்தான் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

இப்போது ஏல மையத்தில் அப்பா ஒரு கதை சொல்கிறார். போனைப் பிடுங்கி மலையில் கொண்டுபோய் வைத்தேன், பிள்ளை சரியாகிவிட்டாள். அதைக் கேட்டு இன்னொரு வியாபாரி தன் மகனை மேலே அனுப்பிவிட்டார். செய்தி தெரிந்ததும் அம்மாதான் அந்த வீட்டுக்குப் போன் செய்து சாவியைப் பற்றிச் சொன்னார். எதிர்முனையில் பட்டென்று வைத்துவிட்டார்கள். நான் அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். மாத்திரையைச் சொல்லுங்கள் என்றேன்.

"மாப்பிள்ளை பாக்குற வீட்டுல மாத்திரையச் சொல்ல முடியுமா தாயி? போனத்தான் சொல்ல முடியும்."

அவர் விரல் நாற்காலிக் கைப்பிடியில் துடித்துக்கொண்டிருந்தது.

மருத்துவர் சம்மதித்த பிறகு கைப்பேசி திரும்பி வந்தது. செயலியைத் திறந்தேன். கரடியிடமிருந்து 'மாப்ளே இருக்கியா' என்று சில செய்திகள், நான் மலையில் இருந்தபோது வந்தவை. அதன் பிறகு ஒன்றுமில்லை. பதில் போட்டேன். அந்தக் கணக்கே இப்போது இல்லை என்று வந்தது. எந்த ஆலை, என்ன பெயர், இருக்கிறானா, எதுவும் தெரியாது. எனக்கு என்ன செய்கிறது என்று அவன் கேட்டான். அவனுக்கு என்ன செய்தது என்று நான் ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

முன்பின் தெரியாத மூவரோடு தீவில் இறங்கினேன். எங்கிருந்தோ சுட்டார்கள். நான் யோசிக்கும் முன்பே என் விரல் என்னைப் பாறைக்குப் பின்னால் இழுத்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை வேர்த்தது. சாகப் பயந்திருந்தேன். வெளியே வா என்று அணியில் யாரோ காதுக்குள் கத்தினார்கள். நான் போகவில்லை. அந்தப் படபடப்பு அடங்கும்வரை அங்கேயே இருந்தேன்.

முன்பெல்லாம் விழித்ததும் எழுந்து ஓடுவேன், உடம்பு பின்னால் வரும். இப்போது விழித்த பிறகும் கொஞ்ச நேரம் படுத்திருக்கிறேன். சாவி இன்னும் அம்மாவிடம்தான் இருக்கிறது. கீழே தெருவில் மலைக்குப் போகும் ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். ஒடம்புக்கு என்ன செய்யுது மாப்ளே என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் வந்த பிறகுதான் எழுந்திருக்கிறேன்.