பலாப்பழம் விழுந்த இரும்புத் தொப்பி

காப்பிப் பழத்தோல் புளிக்கும் வாசம் தை மாதத்தில் மலை முழுக்க நிற்கும். சுற்றுலா வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ எச்சில் ஊறும். பழிவாங்கி ருசி கண்ட வாய் அப்படித்தான்.

போருக்குப் போய்வந்த ஹெல்மெட்டுகளைச் சேர்ப்பவன் நான். அவற்றில் ஒன்று மட்டும் நான் தேடிப் போனதல்ல. பர்மாவில் பட்டாள லாரி ஓட்டிய பெரியப்பா தலையில் கவிழ்த்துக்கொண்டே எங்கள் ஊர் கிளியூருக்குக் கொண்டுவந்தது. தட்டைக் குப்புறப் போட்டதுபோல அகன்ற விளிம்பு. அதிலேயே முகம் கழுவி, அதிலேயே அரிசி களைந்து, அதற்கடியிலேயே உயிரை ஒளித்து வைத்திருந்தார். குண்டு மழையில் கீறல்கூட விழவில்லை. ஊர் வந்தபின், மழைக்கு அதைப் போட்டுக்கொண்டு மிளகு பறித்தபோது பலாப்பழம் விழுந்து தொப்பி நசுங்கிப் பள்ளமானது.

"சப்பான்காரனுக்குத் தப்பிச்சு வந்து பலாப்பழத்துக்குச் சாகப் பாத்தனே!" என்று சாகும்வரை சிரித்தார்.

மேல்ரோட்டில் விருந்தினர் பங்களா நடத்துபவர் ஒருவர். அவரும் சேர்ப்பவர். எங்கள் கூட்டத்தில் விலை பேசுவதில்லை, பொருளுக்குப் பொருள். கைமாறியதைத் திருப்பிக் கேட்டால் அத்தோடு கூட்டத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். நான் சேலம் போயிருந்த ஒரு நாள் அவர் வீட்டுக்கு வந்து, எல்லாம் பேசியாயிற்று என்று அம்மாவை நம்பவைத்து, ஓட்டை விழுந்த பட்டாளத் தண்ணீர்க் குடுவை ஒன்றைக் கையில் திணித்துவிட்டு, பெரியப்பாவின் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

"உன்ர சிநேகிதகாரர்னு குடுத்துட்டேன் சாமி," என்றாள் அம்மா. அதன்பின் தொப்பி மாட்டியிருந்த ஆணிப்பக்கம் அவள் திரும்புவதே இல்லை.

போய்க் கேட்டேன்.

"ஏனுங்க, மாத்துனா மாத்துனதுதானுங்களே? நாங் குடுத்த தண்ணி பாட்டில் உங்க ஊட்லதான இருக்குது?" சிரித்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் விளக்கு, விளக்கடியில் தொப்பி. சப்பாத்தி தின்றுகொண்டிருந்தவர்களிடம் கதை விட்டார்: "வெள்ளக்கார கேப்டனோடதுங்க. இந்தப் பள்ளத்தப் பாருங்க, சப்பான் குண்டு. அங்கியே உசுரு போயிருச்சு." உச்சுக் கொட்டினார்கள். பெரியப்பாவின் தலை இருந்த இடத்தில் எவனோ ஒருவனின் தலை. அன்று என் வயிற்றில் பிடித்த நெருப்பை நான் அணைக்கவில்லை. ஊதினேன். தினமும் ஊதினேன்.

ஜெர்மன் ஹெல்மெட் ஒன்றுக்காக அவர் ஏங்கிக் கிடந்தது எனக்குத் தெரியும். சினிமாவுக்காகத் தகரத்தில் அடித்த ஒன்றைச் சென்னையில் பிடித்தேன். காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற பல்பிங் முடிந்து பழத்தோல் கொட்டும் குழியில் அதைப் புதைத்தேன். அந்தப் புளிப்புத் தண்ணீர் மண்வெட்டியையே தின்னும், பெயிண்ட் எம்மாத்திரம்? பருவம் முடிந்து தோண்டியபோது ஒரு போரையே பார்த்துவிட்டதுபோல் எழுந்து வந்தது. உள்ளே பழைய செருப்புத் தோலை வெட்டித் தைத்தேன். நகத்தால் சுண்டிப் பார்க்கிற எவனும் சிரித்துவிடுவான். எஃகு கணீரென்னும், தகரம் டப்பென்னும். ஆனால் அவர் சுண்டமாட்டார். துருவைக் கண்டால் கும்பிடுகிற ஜாதி.

பெரியப்பாவின் தொப்பிக்கு மாற்று என்று பங்களாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் வைத்துக் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினார்.

"எங்கீங்க புடிச்சீங்க?"

"குழியில இருந்து தோண்டுனதுங்க."

"பழசுதானுங்களே?"

"நீங்க பாக்காததாங்க? நீங்களே சொல்லுங்க."

"நொம்பப் பழசுங்க!" கண்ணாடிப் பெட்டியை அவரே திறந்தார். பெரியப்பாவின் தொப்பியை எடுத்து, "இந்தாங்க, உங்கூட்டுச் சட்டி" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

படியிறங்கும்வரை கூடவே வந்தார்.

"கோடை விழாவுக்குப் பெங்களூர்ல இருந்து சேக்கறவங்க அத்தன பேரும் வர்றாங்க. அவங்க முன்னாடி வெச்சுத்தான் இதத் தொறக்கப் போறேன். அப்பறம் மனசு மாறி வந்து கேக்கப்படாதுங்க, பாத்துக்குங்க!"

"மாத்துனா மாத்துனதுதானுங்க. அன்னிக்கு எனக்கும் முன் வரிசையில ஒரு சேர் போட்டு வைங்க."