கட்டிலாகாத வேம்பு

மரம் அறுக்கிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு கோளாறு உண்டு. மரத்தைப் பார்த்தால் மரம் தெரியாது. கதவு தெரியும், ஜன்னல் தெரியும். பூந்தமல்லியில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மர மில். அத்தாவின் தம்பி, எங்கள் சாச்சா, இந்தக் கோளாறு நன்றாக முற்றிப்போனவர். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட எதிரே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை மனசுக்குள் அறுத்து அடுக்கிவிடுவார்.

அந்தப் பெரிய புயல் அடித்தபோது எனக்கு எட்டு வயது. கோவில்பதாகையைத் தாண்டி, ஏரியை ஒட்டி வனத்துறை வளர்த்த காட்டில் பாதி மரம் படுத்துவிட்டது. விழுந்ததை அப்புறப்படுத்தும் வேலை எங்கள் மில்லுக்குக் கிடைத்தது. ஊரே புயலைத் திட்டிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் பெருநாள் களை.

அத்தாவின் சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் கட்டில், பீரோ, மேசை எல்லாம் ஒரே மரத்தில் அறுத்ததாக இருக்க வேண்டும். மரம் அமையாமல் கல்யாணத் தேதி குறிப்பதில்லை. காட்டில் ஒரு பெரிய வேம்பு சாய்ந்து கிடப்பதாக ஆள் வந்து சொன்னதும் அத்தா காலண்டரைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்த அக்கா, "படிப்பு முடியட்டும் அத்தா" என்று சொல்லிப் பார்த்தாள். "படிச்ச வரைக்கும் போதும்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எனக்கோ, புதுக் கட்டிலில் முதலில் ஏறிக் குதிப்பது யார் என்பதுதான் கவலை.

பள்ளிக்கூடம் திறக்காததால் சாச்சா என்னையும் காட்டுக்கு அழைத்துப் போனார். வனத்துறை அதிகாரி ஓர் அம்மா. கையில் இரண்டு பெயிண்ட் டப்பா. சிவப்புப் பெருக்கல் குறி போட்டால் அந்த மரத்தை அறுக்கலாம். வெள்ளை வளையம் போட்டால் தொடக் கூடாது. விழுந்த மரங்களிலேயே சிலவற்றுக்கு வெள்ளை வளையம் போட்டு, அப்படியே கிடக்கட்டும் என்றார். "மக்கி மண்ணாகட்டும் பாய். புதுக் கன்னுங்க அதுலதான் எழும்பும்." சாச்சாவுக்கு வயிறு எரிந்தது. "மேடம், இது ரெண்டு கதவு", "இது பேக்கிங் பெட்டிக்குத்தான் ஆவும்" என்று ஒவ்வொரு மரத்துக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் அந்த வேம்பு வந்தது. மற்ற வேம்புகள் முறிந்து பிளந்து கிடக்க, இது மட்டும் முழுசாக, ஒரு பக்க வேர் வெளியே தெரிய, பாதையின் மேல் சாய்ந்திருந்தது. அதிகாரியம்மா டப்பாக்களைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். நிமிர்த்தினால் பிழைக்கலாம், சரியாக நிற்காவிட்டால் யார் தலையிலாவது விழும்.

"நிமித்துற வேலைய உங்க ஆளுங்கதான் செய்யணும். முடியும்னா வெள்ளை, முடியாதுன்னா சிவப்பு. சொல்லுங்க பாய், இது எத்தனை கதவு?"

"இது எங்க அக்கா கட்டில்" என்றேன் நான் முந்திக்கொண்டு.

சாச்சா என்னைப் பார்த்தார். பிறகு வேரடியில் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறினார். எழுந்து மறுபக்கம் போனார். முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மரம் எங்களுடையது.

"இது மரம் மேடம்" என்றார். "அடி வேர் மண்ணுலதான் கீது. தலைய எறக்கிட்டு நிமித்தி முட்டு குடுத்தா நின்னுடும். நான் நிக்க வெக்கிறேன்."

அறுக்க மட்டுமே தெரிந்த எங்கள் ஆட்கள் அன்று முதல்முறையாக ஒரு மரத்தை நிமிர்த்தினார்கள். கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்து, சங்கிலி போட்டு மெல்ல மெல்ல இழுத்து, விழுந்த தைலமரங்களையே முட்டுக் கொடுத்து, வேரில் மண் அணைத்து மிதித்தார்கள். மொட்டையாக நின்ற அந்த மரத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

வீட்டில் அத்தா குதித்தார். "இன்னாடா பண்ணிட்டு வந்துகீற? ஊட்டுல பொண்ணு கீறது தெரியாதா உனுக்கு?"

"தெரியும்ணே" என்றார் சாச்சா. கை கால் கழுவக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அப்படி இன்னொரு முழு மரம் அத்தாவுக்கு அமைவதற்குள் அக்கா பட்டமே வாங்கிவிட்டாள். வேம்பு இன்றும் கொஞ்சம் கோணலாக, நல்ல நிழலோடு நிற்கிறது. ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கெட்ட சேதியை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று அக்காவின் அறைக்கு ஓடினேன்.

"கட்டில் போச்சுக்கா. சாச்சா மரத்த நிமித்தி வுட்டுட்டாரு."

"நெஜமாவா? நிக்குதா?"

"நிக்குது."

அக்கா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பாவம், அந்தக் கட்டில் மேல் இவ்வளவு ஆசை வைத்திருந்திருக்கிறாளே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழாதக்கா. அடுத்த புயல்ல இத வுடப் பெருசா ஒண்ணு வுழும்."