மூன்றாவது கேள்வி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. நடுராத்திரியில் இல்லை, சுடுகாட்டில் இல்லை. அக்டோபர் மாதத்தில், பட்டப்பகலில், ராயக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்து வீட்டில் நடந்தது. நடந்தது சரிதாவுக்கு.

ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில், இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்கள் வீட்டுக்குப் போனபின் எப்படி இருக்கிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. அதில்தான் சரிதாவுக்கு வேலை. மாதம் தவறாமல் பன்னிரண்டாம் தேதி, காலை பத்து மணிக்கு, ஒவ்வொருவருக்கும் போன் பண்ண வேண்டும். கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. மூச்சு வாங்குகிறதா? மாத்திரை போடுகிறீர்களா? வால்வு சத்தம் கேட்கிறதா?

மூன்றாவதுதான் உயிர்நாடி. உலோக வால்வு திறந்து மூடும் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். டிக்... டிக்... அது மங்கினால் வால்வில் ரத்தம் உறைகிறதோ என்று பயப்பட வேண்டும். அபூர்வமாகத்தான் அப்படி ஆகும். ஆனால் ஆகிவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அவர்களில் ஒருவரான சென்னப்பனுக்கு மூன்று மாதமாகச் சரிதா போன் பண்ணவே இல்லை. மனிதர் தக்காளிச் செடிக்கு வந்த நோயில் ஆரம்பித்தால் மருமகன் வீட்டு நாய் வரை போய்த்தான் நிற்பார். யார் உட்கார்ந்து கேட்பது? ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மூன்று தாளிலும் 'சத்தம் நன்றாகக் கேட்கிறது' என்று அவளே எழுதி வைத்துவிட்டாள். இப்போது தாள்களைச் சரிபார்க்க நாளைக்குப் பெங்களூரிலிருந்து ஆள் வருகிறார். போனில் கேட்டு எழுதிய தாள்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் கைநாட்டு வாங்க வேண்டும். சென்னப்பனின் தாள்களில் அது இல்லை. மாட்டினால் வேலை போய்விடும்.

ஸ்கூட்டியை அவர் வீட்டு வாசலில் நிறுத்தியபோது மணி 2.35. தோட்டத்தில் தக்காளி பறிக்காமலே காய்ந்து கிடந்தது. கதவு திறந்திருந்தது.

"வாங்க சிஸ்டரு."

சென்னப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் போன். திரை இருட்டாக இருந்தது.

"எப்படி இருக்கீங்கண்ணா?"

"உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. சிரித்துச் சமாளித்தாள். தரையெல்லாம் புழுதி. அதில் அவளுடைய செருப்புத் தடம் மட்டும்தான் இருந்தது.

அப்புறம்தான் கவனித்தாள். வீடு அமைதியாக இருந்தது. போன தடவை வந்தபோது கட்டில் பக்கம் போனதுமே கேட்டதே... அந்த டிக் டிக்?

"அண்ணா... வால்வு சத்தம் கேக்குதா?"

"நீங்களே கேட்டுப் பாருங்க."

அவர் நெஞ்சருகே குனிந்தாள்.

ஒன்றுமில்லை.

மணிக்கட்டைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. நாடி... இல்லை. விரலை மாற்றி வைத்தாள். இல்லை. ஓடிவிடலாம் என்று இருந்தது. ஆனால் நாளைக்கு ஆள் வருகிறாரே! மைப்பெட்டியைத் திறந்தாள்.

ஜூலைத் தாளில் கட்டைவிரலை அழுத்தினார். ஊதா மை. மணி 2.50.

ஆகஸ்ட் தாளை நீட்டினாள். கையை இழுத்துக்கொண்டார்.

"அது வேணாங்க."

"ஏண்ணா?"

அவளையே பார்த்தார். இமைக்கவில்லை.

தாள்களை வாரிக்கொண்டு ஓடினாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றாள். நாடியே இல்லாத மனிதரை அப்படியே விட்டுவிட்டு வந்தோமே... தாளில் அவர் மனைவி மாதம்மாள் நம்பர் இருந்தது. அடித்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரியில இருந்து சரிதா பேசறேன். அண்ணாவ உடனே கூட்டிக்கிட்டு வாங்க. அவருக்கு உடம்பு சரியில்ல."

"எந்த அண்ணாவச் சொல்றீங்க?"

"சென்னப்பண்ணா. இப்பத்தான் வூட்டுல பாத்தேன்..."

மாதம்மாளின் குரல் தாழ்ந்தது.

"நான் காவேரிப்பட்டினத்துல மவ வூட்டுல இருக்கறேன். அந்த வூட்டப் பூட்டி மூணு மாசம் ஆச்சு. சாவி எங்கிட்ட இருக்குது. அவரு... ஜூலை பன்னண்டாந் தேதியே போயிட்டாரு."

சரிதா ஜூலைத் தாளை வெளியே எடுத்தாள்.

"காலையிலயே சத்தம் கம்மியா இருக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கூப்புட்டேன். பத்து மணிக்கு சிஸ்டரு போன் பண்ணும், கேட்டுக்கிட்டுப் போலாம்னு உக்காந்திருந்தாரு. மூணு ஆவ பத்து நிமிசம் இருக்கறப்ப சாஞ்சிட்டாரு. போன் கையிலயே இருந்துச்சு."

ரயில் வந்தது. போனது. கேட் திறந்தது. சரிதா நகரவில்லை.

"சிஸ்டரு... ஒண்ணு கேக்கட்டுமா? குளிப்பாட்டறப்ப பாத்தோம். அவரு கட்டவெரல்ல ஊதா மை. தேச்சும் போவல. எங்க வூட்டுல ஏது மை? அன்னிக்கு நீங்க வந்தீங்களா?"

சரிதா கையில் ஜூலைத் தாள். அதில் மை இன்னும் காயவில்லை.