தடைக்காலத்து மாம்பழ ஐஸ்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் காசிமேட்டில் படகு கட்டிக் கிடக்கும். திருவொற்றியூரில் என் கணவர் வீட்டோடு கிடப்பார். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். போன வருஷம் மகளின் பிறந்தநாளும் அந்த நாட்களில்தான் வந்தது. வண்டி ஐஸ் தின்று அவள் இரண்டு முறை தொண்டை கட்டிப் படுத்ததால் அந்த ஐஸுக்கு நான் தடை போட்டிருந்தேன். அவளோ நான்கு தோழிகளிடம், "வண்டி ஐஸெல்லாம் ஒண்ணுமேயில்ல, எங்க வூட்ல பழத்துலயே ஐஸ் செய்யப் போறோம்" என்று அளந்துவிட்டு வந்து நின்றாள். சொதப்பினால் பள்ளி திறந்ததும் வகுப்பே சிரிக்கும். எட்டு வயதுக்கு அது பெரிய மானப் பிரச்சினை.

எனக்கும் குஷி தொற்றிக்கொண்டது. சர்க்கரை வேண்டாம், கலர் வேண்டாம், பங்கனப்பள்ளி மாம்பழமும் தயிரும் போதும். பழம் நறுக்கும் வேலையை அவரிடம் தள்ளினேன். துண்டுகளை நான் மிக்சியில் அடிக்க, மகள் ஆறு சில்வர் டம்ளரில் ஊற்றிக் குச்சி நட்டாள். தோழிகள் வரும்வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது என்று உத்தரவு வேறு. மறுநாள் சாயங்காலத்துக்குள் ஃப்ரீசரை எத்தனை முறை திறந்தாளோ! நானும் திறந்தேன், பொய் சொல்வானேன்.

தோழிகள் வந்தார்கள். டம்ளரைத் தண்ணீரில் முக்கி இழுத்ததும் மஞ்சளாக, முழுசாக வந்தது. எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். மகள் முதலில் நக்கினாள். முகம் சுருங்கிவிட்டது.

"அம்மா, உப்பு!"

நான் அவரைப் பார்த்தேன். "இன்னாய்யா பண்ண?"

"அறுத்தா கல்லுப்பு போட்டு அலச வேணாமா? ரெண்டு வாட்டி அலசிக்கீறேன்" என்றார், பெருமையாக.

வஞ்சிரத் துண்டை அலசுவதுபோல மாம்பழத்தை அலசியிருக்கிறார்! "மீனுக்கும் பழத்துக்கும் வித்தியாசம் தெரியாதாய்யா?" என்று கத்தினேன். மகளின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் தாங்கவில்லை.

அதற்குள் ஒருத்தி பாதி ஐஸைக் கடித்துவிட்டிருந்தாள். "ஏய், பீச்சுல விக்கிற உப்பு மாங்கா கணக்கா கீதுடி! மொளகாத்தூள் கீதா ஆன்ட்டி?"

ஓடிப்போய் எடுத்து வந்தேன். தொட்டுத் தொட்டுத் தின்று, ஐந்து பேரும் குச்சியைக்கூட விடாமல் சப்பினார்கள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

மிச்சம் ஒன்றே ஒன்று. மூன்று கைகள் நீண்டன. மகள் யாருக்கும் தரவில்லை. வாசலில் தலை குனிந்து நின்றவரிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"நைனா, அடுத்த வாட்டியும் நீதான் அலசணும்."