கியர் பெட்டிக்குள் கிடந்தவை

கியர் பெட்டி மூடியிருக்கும் வரைக்கும்தான் மரியாதையான சாமான். திறந்துவிட்டால் சொந்தக்காரரின் குணம் முழுக்க வெளியே வந்துவிடும். எதையாவது கழற்றிவிட்டு, மறுபடி பூட்டத் தெரியாமல் முழித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

பதுளையில் எனக்கு ஒரு சின்னக் கராஜ். கை டிராக்டர் மட்டும்தான் பார்க்கிறேன். இரண்டு சக்கரம், இரண்டு நீளமான கைப்பிடி, அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். மலைச்சரிவில் கரட் பாத்தியும் லீக்ஸ் பாத்தியும் உழுவது அதுதான். என்னோடு வேலை செய்பவர் நசீர் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊரில் மெக்கானிக் என்றால் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டு என்னைப் பெரிய முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள்.

பழ வாசம்

தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஆறுமுகம், முன்பின் தெரியாத ஒருவரிடம் பழைய டிராக்டர் ஒன்றை ஆசையாக வாங்கினார். ஓட்டிப் பார்த்தபோது சத்தமே இல்லையாம், புது வண்டி மாதிரி. கொஞ்ச நாளிலேயே உள்ளே கருங்கல் உடைப்பது போலச் சத்தம். லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

எண்ணெயை இறக்கினேன். எண்ணெயா வந்தது? கறுப்புக் களி மாதிரி ஏதோ நாரோடு விழுந்தது. நானா அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. வாழைப்பழம்! தேய்ந்துபோன பல்சக்கரங்களுக்கு நடுவே தோலோடு திணித்து மூடியிருக்கிறார்கள். விற்று முடியும் வரைக்கும் அது மெத்தை மாதிரிச் சத்தத்தை அமுக்கிவைத்திருந்திருக்கிறது. இப்படி ஒரு திருட்டு வேலை உண்டென்று கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். உள்ளே ஒரு பல்கூட முழுசாக இல்லை. ஆறுமுகம் அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

"அதான் பாஸ், வாங்குன அன்னைக்கு வண்டிக்கிட்ட போனாலே பழ வாசம் அடிச்சுச்சு. பூச போட்டுத்தான் குடுக்குறாங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

மிச்சம் வராத நட்டு

பண்டாரவளையில் மரக்கறித் தோட்டம் செய்யும் ராஜூ, போனில் வீடியோ பார்த்துத் தானே கியர் பெட்டியைப் பிரித்து, பேரிங் மாற்றிப் பூட்டினார். பூட்டியது பிழையில்லை. உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டார். அதனால் முன்னுக்குப் போகிற கியர் எல்லாம் பின்னுக்குப் போகும்.

காரில் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். கை டிராக்டரில் ஓட்டுகிறவர் நிற்பதே பின்னால்தான். ராஜூ முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டதும் வண்டி அவர் மேலேயே ஏறி வந்து, மண் திட்டோடு வைத்து நெஞ்சில் அழுத்தியிருக்கிறது. கத்தக்கூட மூச்சு இல்லை. பக்கத்துப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த மனைவி ஓடி வந்து எஞ்சினை நிறுத்தினார். இரண்டு விலா எலும்பு முறிந்ததோடு போயிற்று. வண்டி என்னிடம் வந்தபோது பெட்டியைத் திறந்து, அந்தச் சக்கரம் இருந்த இருப்பைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெண் அன்றைக்குப் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால்?

ஆஸ்பத்திரிக்குப் போய், நடந்தது இதுதான் என்று ராஜூவுக்கு விளக்கினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஒரு நட்டுகூட மிச்சம் வரலையே பாஸ், பொறகு எப்படிப் பிழையாகும்?"

வடை

ஒரு கியர் பெட்டியைத் திறந்ததும் கராஜ் முழுக்க வடை வாசம். வந்தவர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வடை சுட்டு விற்பவர், வீட்டுப் பின்னால் கொஞ்சம் மரக்கறியும் போடுகிறார். கியர் எண்ணெய் முடிந்ததும், பொரித்து மிஞ்சின எண்ணெயை வடிகட்டாமலே ஊற்றியிருக்கிறார். அடியில் கருகின பருப்பும் ஒரு கறிவேப்பிலையும் கிடந்தன. பேரிங் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. நானா தலையில் கை வைத்துக்கொண்டார். வடைக்காரருக்குத்தான் எங்களைப் பார்த்து ஆச்சரியம்.

"மனுசன் வயித்துக்கே ஒத்துக்கிற எண்ணெய் பாஸ், இரும்புக்கு ஒத்துக்காதா?"

டின்னோடு போனது

கடைசியாக ஒன்று. செல்லையா என்று ஒருவர். அவருடைய டிராக்டர் பல வருடமாகத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் பின்னால் தகரத்தை மூடிக்கொண்டு கிடந்தது. திடீரென்று தோட்டம் செய்யும் ஆசை வந்து, கியர் பெட்டியை மட்டும் கழற்றி முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போனில் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார்.

நானா மேல்மூடியைத் தூக்கினார். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. பல்சக்கரத்துக்கு அடியில் ஒரு பொலித்தீன் பொட்டலம், துணி நாடாவால் கட்டியது. அவிழ்த்தால் தங்கத் தாலிக்கொடி, ஒரு சோடித் தோடு, பிள்ளை கைக்குப் போடுகிற சின்னக் காப்பு. நான் வாசல் பெஞ்சை எட்டிப் பார்த்தேன். "களவுச் சாமானா இருந்தா நாம ரெண்டு பேரும் உள்ளுக்குத்தான்" என்று நானா காதோடு சொல்லிவிட்டு, பொட்டலத்தை எண்ணெய்த் துணிக்கு அடியில் தள்ளினார். செல்லையாவைக் கூப்பிடலாம் என்று நான் திரும்பவும், பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பெண் ஓடி வரவும் சரியாக இருந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கிற கோலம், இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியபடியே. "மீனாட்சி, நீ எதுக்கு வந்த?" என்றார் செல்லையா. அவர் மனைவிதான். அந்த அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வந்து திறந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வெறும் இரும்பு. அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது.

நகை யாருடையது என்று எங்களுக்கு விளங்கிவிட்டது. நானா செல்லையா பார்க்காமல் பொட்டலத்தை ஒரு பால்மா டின்னில் போட்டு, மேலே பழைய நட்டுகளை அள்ளிக் கொட்டி நீட்டினார். "இந்தாங்க தங்கச்சி, பெட்டிக்குள்ள இருந்த சாமான். எல்லாம் இருக்கு, பத்திரமாக் கொண்டு போங்க." அந்த அம்மா டின்னுக்குள் விரலை விட்டுத் துழாவினார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். "பழைய நட்டுக்கா அழுவுற?" என்று செல்லையா திகைத்து நின்றார். பேரிங் வாங்கி வரச் சொல்லி அவரைக் கடைக்கு அனுப்பினேன். அவர் தலை மறைந்த பிறகுதான் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"நல்ல மனுசன்தான் பாஸ், யாரு வந்து அழுதாலும் என் நகையைத்தான் தூக்கிக் குடுப்பாரு. வீட்டுல அவரு கையே வைக்காத ஒரே சாமான் அந்த மெசின்தான்னு நம்பி அதுக்குள்ள வச்சேன்."

இப்போதெல்லாம் எந்தக் கியர் பெட்டி வந்தாலும், மூடியில் ஸ்பேனர் வைக்கும் முன்னால் சொந்தக்காரரைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு, நானும் நானாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் திறக்கிறோம்.