மன்னாருக்குப் போகாத மகன்

கோயில் அம்மாளை நம்பி வாழும் தாய்மாரே, உங்களுக்கு நான் சொன்ன பொய்யிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மகன் குகன் பதினாறு வயதில் ஒரு வாள்வெட்டு வழக்கில் பிடிபட்டான். வெட்டுப்பட்டவர் உயிர் தப்பியது அம்மாள் புண்ணியம். வெட்டியவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனது என் பிள்ளைதான். நீதிமன்றம் அவனைச் சிறுவர் தடுப்பு இல்லத்துக்கு அனுப்பியது. கணவர் கடலுக்குப் போவதை விட்டுவிட்டுச் சுருண்டு படுத்தார். நானோ வல்வெட்டித்துறை முழுக்க, "தம்பி மன்னாரிலை சின்னம்மா வீட்டை நிண்டு படிக்கிறான்" என்று சொல்லித் திரிந்தேன். பாடசாலைக்கும் போய் விடுகைப் பத்திரம் கேட்டேன். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை அந்த வருடம்தான். படிப்புப் போனாலும் மானம் போகக் கூடாது என்று நினைத்தேன். "ஒருத்தருக்கும் தெரியக் கூடாது தாயே" என்று வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருந்து கேட்டேன்.

பங்குனித் திங்கட்கிழமை ஒன்றில் கோயில் வீதியில் அம்மாளுக்குப் பொங்கிக்கொண்டிருந்தேன். மகனின் கணித ரீச்சர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அக்கா, தம்பி மன்னாரிலை எந்தப் பள்ளிக்கூடம்? சோதனைக்கு விண்ணப்பிக்கவேணும்."

பானை பொங்கி வரும் நேரம். அம்மாளுக்கு முன்னால் பொய் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"அழாதேங்கோ. அவன்ரை பேரை நான் வகுப்பு வரவு இடாப்பிலை வெட்டேல்லை. எங்கை இருக்கிறான் எண்டு மட்டும் சொல்லுங்கோ, நான் போறன்" என்றார்.

போனார். நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமைதோறும் பழைய வினாத்தாள் கட்டோடு அந்த மனுஷி பஸ் ஏறினார். உள்ளே இருந்த மற்றப் பிள்ளைகளும் வந்து பக்கத்தில் குந்தினார்களாம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் படிப்பித்தார். பரீட்சை மண்டபத்துக்கு அவனைக் கூட்டிவரும் காவலர்கள் சாதாரண உடுப்பில் வரவேண்டும் என்று கேட்டு ஒழுங்கு செய்ததும் அவர்தான். பிள்ளையின் மானத்தை இப்படியும் காக்கலாம் என்று பெற்ற எனக்குத் தோன்றவில்லை.

குகன் கணிதத்தில் 'பி' எடுத்தான். வீட்டுக்கு வந்து இப்போது உயர்தரம் படிக்கிறான்.

இந்த வருடப் பங்குனித் திங்களில் நான் கோயிலில் பொங்கிக்கொண்டிருக்க, அயல்வீட்டுக்காரி ஒருவர் அவனைக் கண்டு, "தம்பி, மன்னாராலை எப்ப வந்தனி?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் அவன் முந்திவிட்டான்.

"நான் மன்னாருக்குப் போகேல்லை மாமி. தடுப்பு இல்லத்திலை இருந்துதான் சோதனை எழுதினனான்."

என் கை அகப்பையோடு அப்படியே நின்றது. பிறகு கிண்டினேன்.

தாய்மாரே, நான் கேட்ட வரத்தை அம்மாள் தரவில்லை. அதற்காகத்தான் இன்றும் அவளைக் கும்பிடுகிறேன். உங்கள் பிள்ளையும் அப்படி ஓரிடத்தில் இருந்தால் அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பிள்ளையின் ரீச்சரிடமும் போய்ச் சொல்லுங்கள்.