இரண்டு குத்துச்சண்டைக்காரர்களுக்காக ஒரு ஜெபம்

டி.வி.யில் வரும் இரண்டு ஆண்பிள்ளைகளுக்காக நான் முழங்காலில் நின்று ஜெபித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலிருந்தாவது வெளியே வந்தால் இன்னும் மானக்கேடு.

தாராவியில் எங்கள் வீடு கீழே ஓர் அறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே ஓர் அறை. மேலே இருப்பவன் மகன். கீழே நான், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர், டி.வி., ஃப்ரிட்ஜ், அடுப்பு எல்லாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே அறையில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். டி.வி.க்கு ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் பாயை விரிப்போம். கூட்டத்தை நடத்தும் அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போடுகிற கறாரோடுதான் ஜெபமும் செய்வார். ஒவ்வொருத்தியும் தன் விண்ணப்பத்தைச் சொல்ல வேண்டும், எல்லோரும் சேர்ந்து ஜெபிப்போம். கேட்டது கிடைத்துவிட்டால் அடுத்த வாரமே எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது அக்காவின் கணக்கில் திருட்டுக்குச் சமம்.

என் விண்ணப்பம் வருஷக்கணக்காக ஒன்றுதான். முப்பதைத் தாண்டிய மகனுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். அக்கா அந்த விண்ணப்பத்தைத் தொடங்கியதும் மேலே கட்டில் கிரீச்சிடும். ஏணியில் தடதடவென்று இறங்கி, "பால் வாங்கிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவான். ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருக்கும். பெண்கள் சிரிப்பார்கள். பிள்ளைக்கு வெட்கம் என்று நானும் சிரிப்பேன். கல்யாணப் பேச்சைக் கேட்டு வெட்கப்படுகிற பையன் இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைப்பான் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அந்த சீரியலைப் போட்டதே அவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். "அப்பா, பாக்ஸிங் சீரியல். உங்களுக்குப் பிடிக்கும்" என்று செல்போனிலிருந்து டி.வி.க்கு எதையோ மாற்றினான். வெளிநாட்டுத் தொடர், இந்தியில் பேசவைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் வாயிலிருந்து நம் சயான் ஸ்டேஷன் ஆட்டோக்காரர் பாஷை வருவது வேடிக்கையாக இருந்தது. என் வீட்டுக்காரர் வாலிபத்தில் ரயில்வே மைதானத்தில் நடக்கும் குத்துச்சண்டை ஒன்றைக்கூட விடாதவர். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

கதையில் இரண்டு குத்துச்சண்டைக்காரர்கள். ஒருவனுக்குச் சிவப்பு உடை, ஒருவனுக்கு நீலம். சிவப்புக்காரன் பணக்காரன், திமிர் பிடித்தவன். நீலக்காரன் தாயில்லாப் பிள்ளை, வாயே திறக்க மாட்டான். எங்கே பார்த்தாலும் முறைத்துக்கொள்வார்கள். பத்திரிகைக்காரர்கள் முன்னாலேயே சிவப்புக்காரன் அவன் காலடியில் துப்பினான். நீலக்காரன் பேசாமல் குனிந்து தன் ஷூவைத் துடைத்துக்கொண்டான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "தாய் இருந்தா இப்படித் துப்ப விடுவாளா?" என்று முந்தானையால் துடைத்தேன். மகன் டி.வி.யைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் முழுக்க அந்த நீலப் பையன் என் மனதை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை என் முறை வந்தபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது. "எங்களுக்குத் தெரிஞ்ச ரெண்டு பையங்க. ஒரே வேலையில இருக்காங்க. தீராத பகை. ஒருத்தன் தாயில்லாப் பிள்ளை. அவங்க பகை தீரணும்."

சீரியல் என்று சொல்லியிருக்கலாம். சீரியல் பார்ப்பவளுக்குப் பரலோகம் தூரம் என்று முந்தைய வாரம்தான் அக்கா சொல்லியிருந்தார். எனவே தெரிந்த பையன்களாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெண்கள் உருகி உருகி ஜெபித்தார்கள். பாண்டுப்பிலிருந்து வருகிற ஒருத்தி அந்தத் தாயில்லாப் பிள்ளைக்காக விம்மியே அழுதாள்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பெரிய சண்டை நடந்து முடிந்தது. நீலக்காரன் தோற்றுப்போய், ஆளில்லாத அறையில் தனியாக உட்கார்ந்து, கையில் சுற்றிய துணியைப் பல்லால் அவிழ்க்கப் பார்த்தான். முடியவில்லை. கதவு திறந்தது. சிவப்புக்காரன் உள்ளே வந்தான்.

"அடிக்கப் போறான் பாருங்க" என்றேன்.

அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சுற்றுச் சுற்றாகத் துணியை அவிழ்த்தான். வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினான். சரி, மனம் திரும்பிவிட்டான், ஸ்தோத்திரம் என்று நான் நினைத்த அதே நொடியில் தலையைத் தூக்கி அவன் வாயில் முத்தமிட்டான்.

"ஏசுவே!" என்று கத்திவிட்டேன். கையிலிருந்த டீ என் மடியிலேயே கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை. "ரிமோட் எங்க? ஏங்க, ரிமோட் எங்க?"

"இரு, ஏட்டி. அவன் இடது கையில காயம், இன்னும் ஐஸே வைக்கல" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பார்வை குத்துச்சண்டையை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. ரிமோட் அவர் அடியில்தான் இருந்தது. அவரைத் தூக்கி நிறுத்தி அதை எடுப்பதற்குள் அந்த முத்தம் முழுசாக முடிந்து, இரண்டாவதும் தொடங்கிவிட்டது. அந்தக் கண்றாவி முழுவதையும் நின்றபடி பார்க்க வேண்டியதாயிற்று. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் சொந்த வீட்டில் ஜெபக்கூட்டம் கூட்டியல்லவா வைத்துக்கொண்டேன்!

டி.வி.யை அணைத்துவிட்டு மகன் மேல் பாய்ந்தேன். "ஏல, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இதையால போடுவ? அப்பா அம்மா கூட உக்காந்து பாக்குற படமா இது? சீ!"

"முழுசா பாத்துட்டுப் பேசும்மா."

"பாத்த வரைக்கும் போதும்."

"போன வாரம் அவனுக்காக அழுதியே. அதே ஆளுதான். அவன் மாறவே இல்ல." போனைப் பையில் போட்டுக்கொண்டான். "சோடோ. விடு" என்று ஏணி ஏறினான். எப்போதும் தடதடக்கிற ஏணி அன்றைக்குச் சத்தமே போடவில்லை.

என் வீட்டுக்காரர் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏட்டி, இத அவன் ஏன் நமக்குப் போட்டுக் காட்டுதான்?"

முத்தத்துக்கு நான் அதிர்ந்தது ஒன்றுமேயில்லை. இந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது.

நெருளிலிருந்து ஒரு பையன் எங்கள் வீட்டுக்கு வருவான். மகனின் ஆபீஸ் சிநேகிதன். இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து கேரம் ஆடுவார்கள், ஒரு காய்க்காக அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போடுவார்கள். கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வருவான், என் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கி வருவான். குழம்பில் சுர்மாய் மீனின் நடுத்துண்டை நான் அவனுக்குத்தான் வைப்பேன். என் மகன் தன் தட்டைப் பார்க்காமல் அவன் சாப்பிடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். அந்தச் சிரிப்பு கண்முன் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோபம், பயம், எல்லாவற்றுக்கும் மேலே அவமானம். என் கண்ணுக்கு முன்னால் நடந்ததற்கு நானே மீன் பரிமாறியிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடவில்லை. ஆபீஸில் சாப்பிட்டுவிட்டேன் என்பான். புதன்கிழமை ஷூ போட்டபடியே சொன்னான், "சான்பாடால ரூம் பாத்திருக்கேன். ஆபீஸ் பக்கம். அடுத்த மாசம் போயிருவேன்." அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் நிற்கவில்லை. சான்பாடா ஒன்றும் சமுத்திரத்துக்கு அப்பால் இல்லை, ரயிலேறினால் போய்விடலாம். ஆனால் அவன் போவது ஆபீஸுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரே பிள்ளை. போனால் திரும்பி வரமாட்டான்.

நான் செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கவுன்ட்டரில் இருக்கிறேன். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு செல்போனில் அந்த சீரியலின் மிச்சத்தைப் பார்த்தேன். திட்டுவதற்காவது முழுசாகத் தெரிய வேண்டாமா? முத்தம் வருகிற இடங்களிலெல்லாம் போனைக் கவிழ்த்துவைத்தேன். சில இடங்களில் சற்றுத் தாமதமாகக் கவிழ்த்தேன்.

கடைசியில் நீலக்காரன் தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். சிவப்புக்காரன் எல்லாப் பந்தயத்தையும் விட்டுவிட்டு ஓடி வந்தான். வாசலில் ஒருத்தி நிறுத்தினாள். "பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?" அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அத்தனை திமிர் பிடித்தவன், அத்தனை பேசினவன், வாயைத் திறந்து மூடினான். அப்புறம் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அது என் கேள்வி. ரிப்போர்ட் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது. மகளா, மருமகனா, தம்பியா. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். ஊருக்கெல்லாம் உறவு கேட்கிற எனக்கு என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து கேரம் ஆடியவன் யாரென்று தெரியவில்லை. நாளைக்கு என் மகனுக்கு ஒன்றென்றால் அந்த நெருள் பையன் எந்த பெஞ்சில் உட்காருவான்? அவன் உட்காரட்டும், எனக்கென்ன என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்க முடியவில்லை. டப்பாவை மூடிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வேண்டாம் என்று நான் கும்பிட்டாலும் வெள்ளிக்கிழமை நிற்குமா? டி.வி.க்குத் துண்டு போர்த்திப் பாய் விரித்தேன். மகன் சீக்கிரம் வந்து மேலே போய்விட்டான். பையில் துணி அடுக்குகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் வழக்கம்போல வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பாட்டு முடிந்ததும் அக்கா நேராக என்னிடம் வந்தார். "அந்த ரெண்டு பையங்க என்ன ஆனாங்க? ஏதாவது பதில் கிடைச்சுதா?"

பாண்டுப்புக்காரி ஆவலோடு என்னையே பார்த்தாள். இல்லை என்று சொன்னால் அது பொய். மேலே பை அடுக்குகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

எழுந்து நின்றேன். "பகை தீந்துட்டுக்கா" என்றேன். "நாம ஜெபிச்ச ரெண்டாம் நாளே தீந்துட்டு. அந்தத் தாயில்லாப் பிள்ளை அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடந்தான். மத்தவன் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்து வாசல்லயே கிடந்தான். இப்ப... ஒருத்தன விட்டு ஒருத்தன் இருக்க மாட்டேங்கான்."

"ஸ்தோத்திரம்!" என்றார் அக்கா. எல்லோரும் கை தட்டினார்கள். பாண்டுப்புக்காரி அழுதே விட்டாள். நான் ஜெபித்ததில் இவ்வளவு சீக்கிரம் கிடைத்தது வேறெதுவும் இல்லை.

"ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிட்டா?" என்று கேட்டார் அக்கா.

"இன்னும் இல்ல" என்றேன். எனக்கு வியர்த்தது.

"அப்ப அதுக்கும் சேத்து ஜெபிச்சிருவோம். ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு நல்ல பொண்ணு. அதோட நம்ம பிள்ளைக்கும், வழக்கம்போல. எல்லாரும் கண்ண மூடுங்க."

"வேண்டாம்!"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மூடிய கண்களெல்லாம் திறந்தன. வாசலில் ஸ்டூல் நகர்ந்தது.

"என்ன வேண்டாம்?" என்றார் அக்கா.

"என் மவனுக்குப் பொண்ணு கேட்டு ஜெபிக்க வேண்டாம்க்கா. அந்த விண்ணப்பத்த நான் திரும்ப எடுத்துக்கிடுதேன்."

"ஏன், எங்கயாவது அமைஞ்சுட்டா?"

என்ன சொல்ல? அமைந்துவிட்டது என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. அதை ஒத்துக்கொள்கிற மனசும் அன்றைக்கு இல்லை, இன்றைக்கும் முழுசாக இல்லை. ராத்திரி படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் ஒன்று மட்டும் அப்போது விளங்கிவிட்டது. வருஷக்கணக்காக வெள்ளிதோறும் அவன் இறங்கி ஓடியது வெட்கத்தினால் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் கீழே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அவனை வேறொருவனாக மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதை அவன் மேலே தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"அவன் வீட்ட விட்டுப் போகாம இருக்கணும்க்கா" என்றேன். "அதுக்கு ஜெபிங்க. அது போதும்."

அக்கா என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். நர்ஸாக எத்தனையோ வீட்டு விஷயம் பார்த்தவர். ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை, ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆமென் சொன்ன பிறகுதான் அவன் இறங்கினான். ஒவ்வொரு படியாக, மெதுவாக. கண் சிவந்திருந்தது. செருப்பு வாசலில் கிடந்தது, அந்தப் பக்கமே அவன் போகவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே பார்த்தான்.

"பால் இருக்கும்மா" என்றான். "எல்லாருக்கும் டீ போடட்டா?"